வலை வழிய வழியப் போட்டவருக்கு முதல் பரிசா?

தக்கைத்தம்பி:
போன ஞாயிறு இங்கிலாந்தில் எங்கள் தூண்டில் கிளப் போட்டி. யார்க்‌ஷயர் பக்கம் ஒரு கெண்டைக் குளம், பேர் வேண்டாம். பிடித்த மீனை எடை போடும் வரை தண்ணீரிலேயே உயிரோடு வைத்திருக்க ஆளுக்குக் கெண்டைக்கு இரண்டு வலை, ரோச், பிரீம் போன்ற வெள்ளி மீன்களுக்கு ஒரு வலை. கெண்டை வலை ஒன்றுக்கு 60 பவுண்டுதான் உச்சம். மிஞ்சினால் மிஞ்சியதைக் கழித்துவிட்டு 60 என்று எழுதுவார்கள்.

நான் ஒவ்வொரு மீனையும் கண்ணாலேயே எடை போட்டு, கிளிக்கரில், அதாவது கையில் வைத்து எண்ணும் கருவியில், தட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு வலையும் நிரம்பிவிட்டது என்று தோன்றியதும், முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கெண்டையை விட்டுவிட்டு வெள்ளி மீனுக்கு மாறினேன். தராசில் 57, 56, வெள்ளி 14. மொத்தம் 127.

இன்னொருவர் கடைசி விசில் வரை கெண்டையாகவே ஏற்றினார். அவர் வலைகள் 71, 66. கழித்தபின் 60, 60. காலையில் பிடித்த வெள்ளி 9. மொத்தம் 129, முதல் பரிசு. விதியைப் பார்த்து நிறுத்தியவன் நான், இரண்டாவது. மிஞ்சிய வலைக்குப் பூஜ்யம் போட வேண்டும் என்கிறேன். தப்பா?

வடமராட்சியான்:
தம்பி, முதலில் ஒன்று. பவுண்டு பவுண்டு என்றால் காசா எடையா என்று தெரியவில்லை. எங்கட ஊரில் எடைக்கு இறாத்தல் என்போம். இங்கேயும் அப்படியே எழுதினால் எல்லோருக்கும் வசதி.

இனி விஷயத்துக்கு வருவோம். அவர் பிடித்த கெண்டை 137 இறாத்தல். நீர் பிடித்தது 113. அவரிடமிருந்து 17 இறாத்தலை ஏற்கெனவே வெட்டியாச்சு. வெட்டியும் அவர்தான் முன்னுக்கு நிற்கிறார். கூடப் பிடித்தவன் வெல்வதில் என்ன அநியாயம்?

புழுடப்பா:
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அது சரி, ஜெயித்தவரின் மீன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தீர்களா? 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் ஈரி ஏரிப் போட்டியில் அப்படித்தானே மாட்டினார்கள். ஐந்து மீனுக்கு அந்த எடை வராதே என்று சந்தேகப்பட்டு நடத்துநர் கத்தியை எடுத்தார். உள்ளே ஈயக் குண்டு, கூடவே வேறு மீனின் சதைத் துண்டு. இரண்டு பேருக்கும் 10 நாள் சிறை, படகும் போச்சு.

ட்ரெண்ட்கரை:
புழுடப்பா, அதையும் இதையும் ஒரே கூடையில் போடாதே. அவர்கள் திருடர்கள். இந்த மனிதர் பிடித்தது எல்லாம் அசல் மீன், எல்லோர் கண் முன்னாலும் தராசில் ஏறியது. திருட்டு என்ற சொல்லே இந்த இழையில் வேண்டாம்.

ஆனால் நான் தம்பி பக்கம். 80களில் நான் நாட்டிங்ஹம் வந்த புதிதில் போட்டி என்றால் ட்ரெண்ட் ஆறுதான். ரோச், சப் மீன்கள், அவ்வளவே. வலை நிரம்பும் கவலை எவனுக்கும் இருந்ததில்லை. அன்றைக்குச் சண்டை எல்லாம் சீட்டுக் குலுக்கலில் எந்த பெக், அதாவது கரையில் உட்காரும் இடம், விழுகிறது என்பதில்தான். ஓரத்து பெக் கிடைத்தவனுக்கு ஒரு பக்கம் ஆளே இல்லை, அந்தத் தண்ணீர் முழுக்க அவனுடையது. அந்த அதிர்ஷ்டத்தைச் சமன் செய்யத்தான் கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பரிசு என்று வைத்தார்கள். பிறகு வெட்டுக் குளங்கள் வந்தன, கெண்டையை நெருக்கி விட்டார்கள், ஒரே ஆள் நூறு இறாத்தலைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டது. வலைக்கு வரம்பு வந்ததே அதனால்தான்.

வரம்பு என்று வைத்தால் அது கடிக்க வேண்டும். உலகப் போட்டியில் கடைசி விசிலின்போது மீன் தண்ணீருக்கு வெளியே இருந்தால்தான் கணக்கு. மீனைக் கரையேற்றும் கைவலைக்கு அரை அடி தூரத்தில் இருந்தாலும் போச்சு. நம் கிளப்பில் விசிலுக்கு முன் மாட்டிய மீனைக் கரையேற்ற 15 நிமிஷம் தருகிறோம். இரண்டில் எது இருந்தாலும் சரி, எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

வடமராட்சியான்:
நீங்கள் சொன்னதே எனக்குப் பதில், அண்ணை. முன்கூட்டியே தெரிந்த விதி "கழிப்போம்" என்பது. கழித்தார்கள். முடிந்தது கதை. போட்டி முடிந்த பிறகு "பூஜ்யம் போட்டிருக்கலாமே" என்றால் அது விதி இல்லை, ஆசை.

தக்கைத்தம்பி:
முடிவை மாற்றச் சொல்லவில்லை அண்ணா. பரிசுப் பணம் அவர் கையில், இருக்கட்டும். அடுத்த சீசனுக்குக் கேட்கிறேன்.

நீங்கள் சொல்லும் 17 இறாத்தல் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வலை 60-ஐத் தொட்ட பிறகு அதில் எவ்வளவு திணித்தாலும் அவருக்கு நஷ்டம் கிடையாது. வெட்டியது எப்படியும் கணக்கில் ஏறாத எடை. நான் 57-இல் நிறுத்தியதால் 3 போச்சு, 56-இல் நிறுத்தியதால் 4 போச்சு. ஆகக் கவனமாக இருந்ததற்கு அபராதம் 7 இறாத்தல், கவலையே படாததற்கு அபராதம் ஒன்றுமில்லை. நான் தோற்றதோ இரண்டில். கூடப் பிடித்தார் என்கிறீர்கள், நான்தான் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் கெண்டைப் பக்கமே தூண்டில் போடவில்லையே!

மீன்விழி:
இரண்டு பக்கமும் யார் ஜெயித்தார் என்றே பேசுகிறீர்கள். வரம்பு மீனுக்காக வைத்தது. 10 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும். 25 டிகிரியில் 8-தான். வெயில் காலத்தில் அந்த எட்டையும் ஒரு வலைக்குள் எழுபது இறாத்தல் கெண்டை பங்கு போட வேண்டும். கெண்டையின் முதுகுத் துடுப்பில் ரம்பம் போல ஒரு முள் உண்டு, நெரிசலில் அது பக்கத்து மீனைக் கீறும், வலையிலும் மாட்டும். கரைக்குத் தூக்கும்போது அடியில் கிடக்கும் மீனுக்குத்தான் முழுப் பாரமும். வழவழப்பு போய், செதில் உதிர்ந்த மீனைத் திரும்ப விட்டால் அது நீந்திப் போவதை மட்டும்தான் நாம் பார்க்கிறோம்.

கழிக்கும் விதி மீனுக்கு எதையும் செய்வதில்லை. 71 என்று தராசு காட்டும்போது அந்த மீன்கள் ஏற்கெனவே நசுங்கியாச்சு. அதனால் பூஜ்யத்துக்குத்தான் என் ஓட்டு, தம்பிக்காக இல்லை.

கரையேறி:
அந்த 71 இறாத்தல் ஆள் நான்தான். மறைந்து நின்று படிக்கப் பிடிக்கவில்லை.

அந்த வலையில் 13 மீன். ஒன்று நாலரை இருக்கும் என்று நினைத்தேன், 58 சொச்சம் வரும் என்று கணக்கு. தராசில் பார்த்தால் மீன் ஒன்று ஐந்தரைக்கு வந்திருக்கிறது. நல்ல வெயிலில், சேற்றோடு, கைவலைக்குள் துள்ளும் கெண்டையை நாலரையா ஐந்தரையா என்று சொல்ல என்னால் முடியாது. எனக்கு இது இரண்டாவது வருஷம்தான். பூஜ்யம் போட்டிருந்தால் என் கணக்கு 9 இறாத்தல் வெள்ளி மீன் மட்டும். அன்றோடு தூண்டிலை முறித்துப் போட்டிருப்பேன்.

அப்புறம் ஒன்று. நாலு மணி வாக்கில் மூன்றாவது கெண்டை வலை கேட்டேன். இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு என்ன செய்திருக்க வேண்டும், கை கட்டி உட்கார்ந்திருப்பதா?

ட்ரெண்ட்கரை:
தம்பி செய்ததைச் செய்திருக்கலாம். வெள்ளி மீன் பிடித்திருக்கலாம்.

கரையேறி:
அவர் இருபது வருஷ ஆள், வெள்ளி மீனில் 14 எடுப்பார். அந்தக் கடைசி நேரத்தில் நான் எடுத்தால் 2. நேர்மையாகச் சொல்கிறேன், வலை நிரம்பிவிட்டதோ என்று சந்தேகம் இருந்தது. ஆனால் நிரம்பினாலும் கழிப்பார்கள், அவ்வளவுதானே என்றும் தோன்றியது.

தக்கைத்தம்பி:
அந்தக் கடைசி வரிதான் நண்பரே என் வழக்கு மொத்தமும். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி.

புழுடப்பா:
மூன்றாவது வலை ஏன் இல்லை? ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டு வரலாமே.

மீன்விழி:
கூடாது. கெண்டைக்கு வரும் கோய் ஹெர்பீஸ் வைரஸ் ஈர வலையோடு குளம் விட்டுக் குளம் போகும். 2007 முதல் இங்கே அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய். பல குளங்கள் தங்கள் சொந்த வலையைத்தான் தருகின்றன. அதனால்தான் எண்ணிக்கையும் இறுக்கம்.

வடமராட்சியான்:
அப்படியென்றால் குறை விதியில் இல்லை, வலை வாங்காத குளத்துக்காரரிடம். ஆளுக்கு இன்னொரு கெண்டை வலை கொடுத்தால் 57-இல் நிறுத்தியவனுக்கும் நட்டமில்லை, மீனும் நசுங்காது. பூஜ்யம் என்ற கோடரியை எதற்கு எடுக்க வேண்டும்?

ட்ரெண்ட்கரை:
மூன்று வலை கொடுத்தால் மூன்றிலும் 70 போடுவார்கள். நான் இந்தக் கரையில் நாற்பது வருஷமாக மனுஷனைப் பார்க்கிறேன். வேண்டுமானால் 5 இறாத்தல் வரை மன்னிப்பு, அதற்கு மேல் பூஜ்யம்.

தக்கைத்தம்பி:
5 மன்னிப்பு என்றால் எல்லோரும் 65-ஐக் குறி வைப்பார்கள் சார். வரம்பு நகர்ந்துவிடும், வேறொன்றும் ஆகாது. மன்னிப்பு தருவதானால் மிஞ்சியதை இரட்டிப்பாகக் கழியுங்கள். 71 என்றால் 11 கூடுதல், கணக்கு 49. 66 என்றால் 54. புதியவருக்குக் கழுத்து போகாது, கை மட்டும் சுடும்.

வடமராட்சியான்:
இதைக் கேட்கலாம் போல இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் அவருக்கு 112, உமக்கு 127. உமக்கு வசதியான விதியைத்தான் கண்டுபிடித்திருக்கிறீர், தம்பி!

தக்கைத்தம்பி:
மறுக்கவில்லை. வரும் கூட்டத்தில் இரண்டையும் வைக்கிறேன், கூடுதல் வலையும் இரட்டைக் கழிவும். கரையேறி, நீங்கள் வருவீர்களா?

கரையேறி:
வருகிறேன். இரட்டைக் கழிவுக்கு எதிராகத்தான் கை தூக்குவேன். அதற்கு முன், அந்த கிளிக்கர் எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.