புதுப்பிப்பு: அந்த 18,000 ரூபாய்

2024 கடைசியில் இங்கே ஒன்று கேட்டிருந்தேன். ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் இரவு 2 மணிக்கு, தோற்கத் தோற்கப் பணம் போட்டுக்கொண்டே இருந்த ஒருவரிடம் ஜெயித்த 18,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாமா என்று. "நீ எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுப்பான்" என்று பாதிப் பேர் சொன்னீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் தூங்கப் போனேன்.

அப்புறம் பழைய ஆட்டக் கணக்கைப் புரட்டினேன். லாபத்தில் பெரும்பகுதி நள்ளிரவுக்கு மேல், மூன்று நான்கு பேரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது. என் திறமை என்பது, யார் நிதானம் இழந்திருக்கிறார் என்று பார்த்து அந்த மேசையில் உட்காருவதுதான். (எங்கள் வட்டத்தில் அவர்களை 'மீன்' என்போம். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.) போக்கர் வெறும் அதிர்ஷ்டச் சூதாட்டம் இல்லை, திறமை ஆட்டம்தான் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது கைதட்டியவன் நான். திறமைதான், சரி. எதிரில் இருப்பவரால் எழுந்து போக முடிகிறதா என்பதை மட்டும் நான் யோசித்ததே இல்லை.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆன்லைனில் பணம் கட்டி ஆடத் தடை வந்தது. என் வருமானம் அத்தோடு படுத்துவிட்டது. எனக்கு அதுவே பதில் மாதிரி இருந்தது. ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, பணம் கட்டி ஆடும் ஆட்டமே நின்றது.

பணமா? அவருடைய திரைப்பெயர் மட்டும்தான் தெரியும், திருப்பித் தர வழியில்லை. தந்திருந்தாலும் அன்றிரவே அடுத்த மேசைக்குப் போயிருக்கும். பாதி வண்டி சர்வீஸுக்குப் போனது. மீதி வங்கியில் அப்படியே கிடக்கிறது.