பாலத்துக்கு எத்தனை கண், எவ்வளவு அகலம்?

அன்பு உறவுகளே, வணக்கம்.

"ஓடையில ரெண்டு குழாயைப் போட்டு மண்ணைக் கொட்டுறதுக்கு எதுக்கு இத்தனை அனுமதி?" என்று தம்பி ஒருவர் குழுவில் கேட்டிருந்தார். அலைச்சல் பட்டவரின் கேள்வி, புரிகிறது. ஆனாலும் அனுமதி வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பாலம் கட்டுகிறவர் ஒருவர். அது தண்ணீரை மறித்தால் முழுகுவது ஓடையின் மேல்பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் வீடு. அவர் சார்பில் கேள்வி கேட்க யாராவது வேண்டாமா? இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டு நில வடிகால் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறிய ஓடையில் குழாய்ப் பாலம் போடவும் முன் ஒப்புதல் கேட்பது இதற்காகத்தான்.

ஒரு பெருமழைக்குப் பிறகு குழாய்ப் பாலம் ஒன்றின் வாயருகே நின்று பார்த்திருக்கிறேன். முறிந்த கிளை ஒன்று குறுக்கே மாட்டி, அதில் பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே செத்தையும் சேறும் அப்பியிருந்தன. மேல்பக்கம் இடுப்பளவு தண்ணீர். கீழ்ப்பக்கம் கணுக்கால்கூட நனையாது. பாலத்தில் ஒரு விரிசல் இல்லை. அடைப்பு வரும் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

குழாயின் விட்டம் நம்மை நன்றாக ஏமாற்றும். ஒரு பெரிய குழாய்க்குப் பதிலாகப் பாதி விட்டத்தில் இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி. சுவரில் உரசுவதால் வேகமும் குறையும். அதே சரிவில் நிரம்பி ஓடினாலும் சின்னக் குழாயில் ஆறில் ஒரு பங்குகூடப் போகாது. இரண்டும் சேர்ந்தாலும் மூன்றில் ஒரு பங்கு தேறாது. சின்ன வாய் சீக்கிரம் அடைபடும் என்பது வேறு.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள பாஸ்கேசில் என்ற ஊரில் 2004 ஆகஸ்ட் 16 அன்று வெள்ளம் வந்தபோது, மரங்களும் கார்களும் பாலங்களில் சிக்கித் தண்ணீரை ஊருக்குள் திருப்பிவிட்டன. உயிர்ச்சேதம் இல்லாதது பெரும்பேறு. பிறகு ஆற்றை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, கீழ்ப்பாலத்தையும் மாற்றிக் கட்டினார்கள்.

மிதந்து வருவது தடையில்லாமல் போகத்தான் வெள்ள மட்டத்துக்கும் பாலத்தின் அடிப்பகுதிக்கும் இடைவெளி விடச் சொல்கிறார்கள். சாலைக்கும் பாலத்துக்கும் விதி வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி, வினாடிக்கு 3 முதல் 30 கன மீட்டர் வரை ஓடும் இடத்தில் 600 மில்லிமீட்டர். அதற்கு மேல் 300 கன மீட்டர் வரை என்றால் 900 மில்லிமீட்டர். செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது இந்த இடைவெளியில்தான். அது எனக்குப் பெரிய வருத்தம்.

பாலத்தின் கண்ணை, அதாவது தண்ணீர் போகும் திறப்பைக் குறுக்கினால் தண்ணீர் வேகமெடுத்துத் தூணடி மண்ணை அரிக்கும். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரலில் வெள்ளத்தில் தூணடி மண் அரிக்கப்பட்டுத்தான் விழுந்து 10 பேர் இறந்தார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஒரு பாலத்தை மட்டும் பெரிதாக்கினால், அங்கே தேங்கிய வெள்ளம் கீழே உள்ள அடுத்த சின்னப் பாலத்தில் போய் முட்டும். ஆகவே அனுமதி தருகிறவர் ஓடை முழுவதையும் பார்க்க வேண்டும், இரு பக்கமும் உயர்த்தும் சாலைக் கரையையும் சேர்த்து. கண் முழுக்க அடைபட்டால் தண்ணீர் எந்த வழியாகச் சாலையைத் தாண்டும், மழைக்கு முன் தூர் வாருவது யார் பொறுப்பு என்ற இரண்டும் வரைபடத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத வரைபடத்துக்கு ஒப்புதல் தரவே கூடாது என்பேன்.