மார்மன் சபை உண்மை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

லீஹை வாசி:

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. லீஹையில் வீடு. ஊர்ப் பெயரே மார்மன் புத்தகத்தில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர் என்பது வந்து ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீடு, எதிர் வீடு, ஆபீஸில் பாதிப் பேர் அந்தச் சபைதான். பனி கொட்டினால் கேட்காமலே நம் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போகிற ஜனங்கள். எனக்கு ரொம்ப நாளாக ஒரே கேள்வி. இவ்வளவு படித்த, கூப்பன் பார்த்து மளிகை வாங்குகிற மனிதர்கள், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுத்துவிட்டு, "இது உண்மை என்று எனக்குத் தெரியும்" என்கிறார்கள். நம்புகிறேன் என்றுகூட இல்லை, தெரியும் என்கிறார்கள். எப்படித் தெரியும்?

போன ஜூலையில் அந்தச் சபையின் ஊழியக்காரர்களாக இரண்டு பையன்கள் வாசலில் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை. ஒருவன் ஐடஹோ, 19 வயது. இன்னொருவன் டோங்கா தீவுக்காரன். நல்ல வெயில். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நம்ம ஊர்ப் பழக்கத்தில் காபி போடப் போய்விட்டேன், அவர்களுக்குக் காபி, டீ இரண்டுமே கூடாது என்பது பால் பொங்கும்போதுதான் உறைத்தது. அப்புறம் மோர் கொடுத்தேன். டோங்காக்காரப் பையன் மூன்று டம்ளர் குடித்தான்.

நேராகவே கேட்டேன். "1820-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்கிற பதினான்கு வயதுப் பையன் தோப்புக்குள் போய் ஜெபித்தான், பிதாவும் குமாரனும் வந்து நின்றார்கள், பிறகு தங்கத் தகடுகள் கிடைத்தன, அதை மொழிபெயர்த்து 1830-ல் மார்மன் புத்தகமாக அச்சிட்டான் என்கிறீர்கள். சரி, இதை நான் எப்படிச் சரிபார்ப்பது?" கல்வெட்டு, அகழாய்வு என்று ஏதாவது எடுத்து விடுவான் என்று நினைத்தேன். ஐடஹோ பையன் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினான். மரோனி பத்தாம் அதிகாரம், 3 முதல் 5 வரை. சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. "நாங்கள் சொல்வதை நம்பாதீர்கள். இதைப் படித்துவிட்டுக் கடவுளிடமே கேளுங்கள், பரிசுத்த ஆவியானவர் உங்களுக்குச் சொல்வார்." அவ்வளவுதான்.

எனக்கு உடனே எங்கள் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. எந்தப் பெரிய காரியம் என்றாலும் பூக் கட்டிப் பார்ப்பாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி காலடியில் வைத்து ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வாள். எடுக்கிற பிள்ளை பல தடவை நான்தான். வெள்ளை வந்தால் மேலே போகலாம், சிவப்பு வந்தால் அந்த இடத்தையே விட்டுவிட வேண்டியது. (கடைசி அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மட்டும் மூன்று தடவை கட்டிப் பார்த்தாளாம், அது தனிக் கதை.)

ஆனால் இங்கே சிவப்புப் பொட்டலம் எங்கே இருக்கிறது? கேட்டேன். 1829-ல், ஜோசப் ஸ்மித் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்த ஆலிவர் கவுடரிக்கு வந்த வெளிப்பாடு ஒன்று இருக்கிறதாம், சரியான காரியமாக இருந்தால் நெஞ்சு எரியும், தவறாக இருந்தால் மனம் மந்தித்துப்போகும் என்று. சரி, புத்தகத்தைப் படித்துக் கேட்டு ஒருவருக்கு மனம் மந்தித்துப்போனால் சபை பொய் என்று எடுத்துக்கொள்ளலாமா என்றேன். இல்லையாம், இன்னும் படிக்க வேண்டுமாம், இன்னும் உண்மையான நோக்கத்தோடு கேட்க வேண்டுமாம். இந்த இடத்தில் அப்பாயி முறையே தேவலாம் என்று பட்டது, மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் ஒரு ராத்திரி செய்து பார்த்தேன். மேலே பிள்ளைகள் தூங்குகிறார்கள், நான் கீழ்த்தளத்தில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கேலிக்காக இல்லை, நிஜமாகவே கேட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதினால் வசதியாக இருக்கும். நடந்தது. நெஞ்சுக்குள் மெதுவாக ஒரு சூடு பரவியது, கண் கலங்கியது. அந்தச் சூடு எனக்குப் புதிதும் இல்லை. சின்ன வயதில் திருவாரூர்க் கோயிலில் சாயரட்சைக்கு ஓதுவார் தேவாரம் பாடும்போது வந்தது அச்சு அசல் இதேதான்.

அடுத்த வாரம் பையன்களிடம் அப்படியே சொன்னேன். ஐடஹோ பையனின் முகம் முதல் பாதிக்கு மலர்ந்தது, திருவாரூர் வந்ததும் கொஞ்சம் குழம்பியது. "அதுவும் ஆவியானவராக இருக்கலாம், நல்லது எல்லாமே அவரிடமிருந்துதான்" என்றான். அப்படியானால் இரண்டில் எதை உண்மை என்று எடுத்துக்கொள்வது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்" என்றான். யாரிடம் கேட்டு என்று நான் கேட்கவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படிப் பழக்கம் உண்டா? விவாதம் வேண்டாம், கண்டதை எழுதுங்கள்.

பழைய புரோவோ:

நான் யூட்டாவின் புரோவோவில் இரண்டு வருடம் இருந்தேன், கூட அறையில் இருந்தவள் அந்தச் சபைப் பெண். ஒருமுறை அவளோடு மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடாமல் உபவாசம், பிரசங்கம் கிடையாது, யார் வேண்டுமானாலும் மேடைக்குப் போய்ச் சாட்சி சொல்லலாம். நாலு வயதுப் பெண் ஒன்று மைக் முன்னால் நின்றது, எட்டாததால் அப்பா தூக்கிப் பிடித்துக்கொண்டு காதில் சொல்லச் சொல்ல அது திருப்பிச் சொன்னது: இந்தச் சபை உண்மை என்று எனக்குத் தெரியும், ஜோசப் ஸ்மித் ஒரு தீர்க்கதரிசி என்று எனக்குத் தெரியும், எனக்கு அம்மா அப்பாவைப் பிடிக்கும். கடைசி வாக்கியத்தை மட்டும் அது சொந்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நெருடல்.

வெளியே வந்து அவளிடம், இது மனப்பாடம் இல்லையா என்றேன். அவள் கோபப்படவில்லை. பாய்ட் பேக்கர் என்ற அப்போஸ்தலர் (அந்தச் சபையின் மேல்மட்டத் தலைவர்களை அப்படித்தான் சொல்வார்கள்) சொல்லியிருக்கிறாராம், சாட்சி சொல்லும்போதுதான் சாட்சியே கிடைக்கும் என்று. அதாவது தெரிந்த பிறகு சொல்வதில்லை, சொல்லிச் சொல்லித்தான் தெரிய வரும். எனக்கு இது தலைகீழாகப் பட்டது. ஆனால் அவள் தன் கதையைச் சொன்னாள். பதினெட்டு மாத ஊழியத்துக்குப் புறப்படுவதற்கு முன்னால் மண்டியிட்டுக் கேட்டு ஒரு பதிலும் வரவில்லையாம், ஒரு துளி சூடுகூட இல்லையாம். பயந்துகொண்டேதான் போயிருக்கிறாள். அங்கே ஒரு பாட்டிக்கு வாரா வாரம் துணி துவைத்துக் கொடுத்து, தினம் வாசித்து, அப்படியே பழகி, எப்போது தெரிந்தது என்று கேட்டால் தேதி சொல்ல அவளால் முடியவில்லை. மார்மன் புத்தகத்தில் ஆல்மா 32-ல் விதைக் கணக்கு ஒன்று உண்டு: விதையை நட்டுப் பார், முளைத்து வளர்ந்தால் நல்ல விதை. அவள் நட்டுவிட்டாள்.

சண்டையாக இல்லாமல் ஒன்று கேட்கிறேன். பதினெட்டு மாதம் தண்ணீர் ஊற்றினால் எந்த விதைதான் முளைக்காது?

நெல்லைக்காரி:

பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான், எங்கள் சபையிலும் சாட்சி சொல்வோம். ஆனால் நாங்கள் சொல்வது வேறு. "மகனுக்குக் காய்ச்சல், ஜெபித்தோம், கர்த்தர் சுகம் தந்தார்" என்று நடந்ததைச் சொல்வோம். சபை உண்மை என்று தெரியும் என்று எந்த ஆச்சியும் எங்கள் ஊரில் சாட்சி சொல்லிக் கேட்டதில்லை.

என் வீட்டுக்கும் இரண்டு பெண் ஊழியர்கள் வந்தார்கள் (நான் இருப்பது அரிசோனாவில் மேசா, அங்கேயும் அவர்கள் நிறைய). நெஞ்சு எரிவதைப் பற்றிச் சொன்னபோது நான் எரேமியா 17:9-ஐ எடுத்தேன், "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது" என்று. அந்தப் பெண் சளைக்கவில்லை, எம்மாவூர்ச் சீஷர்களைக் காட்டினாள்: "நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா?" நான் பெரோயா பட்டணத்தார் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்ததற்குப் போனேன். அவள் யாக்கோபு 1:5-க்கு வந்தாள் (ஞானம் குறைவானவன் தேவனிடம் கேட்கட்டும் என்கிற வசனம்), தோப்புக்குப் போவதற்கு முன்னால் ஜோசப் ஸ்மித் படித்த வசனமே அதுதானாம். ஒன்றரை மணி நேரம் இப்படி ஓடியது. சாப்பிட்டுப் போங்கள் என்று சொதி சாதம் வைத்தேன். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு போனாள். மேலே பூக் கட்டிப் பார்த்ததை எழுதியிருக்கிறவருக்கு: நாங்களும் புது வருஷ ராத்திரி வேத வசனம் எழுதின வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம், அதனால் உங்கள் அப்பாயியை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சாண்டி பக்கம்:

நான் எழுத வந்தது வெளியேறின ஒருவரைப் பற்றி. ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. ஐந்து தலைமுறையாக அந்தச் சபை, பிரேசிலில் இரண்டு வருட ஊழியம், கோயிலில் கல்யாணம். சந்தேகம் வரும்போதெல்லாம் அதை "ஷெல்ஃபில் வைத்துவிடுவேன்" என்பார், அங்கே எல்லாரும் சொல்கிற பேச்சு அது. 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கொடுக்காதது ஷெல்ஃபில் போனது. ஜோசப் ஸ்மித்தின் பல மனைவிகள் ஷெல்ஃபில். பலகை முறிந்தது எகிப்தியச் சுருளால்.

விஷயம் இதுதான். 1835-ல் ஜோசப் ஸ்மித்தும் கூட்டாளிகளும் மம்மிகளோடு சில பாப்பிரஸ் சுருள்களை வாங்குகிறார்கள், ஆபிரகாம் எழுதினது இதில் இருக்கிறது என்று சொல்லி ஜோசப் ஸ்மித் மொழிபெயர்க்கிறார். அது அவர்களுக்கு வேதம். மூலச் சுருள் சிகாகோ தீயில் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கண்ணில் பட்டு, 1967-ல் சபைக்கே வந்து சேர்ந்தன. படித்த எகிப்தியவியலாளர்கள், இது பிணத்தோடு வைக்கிற சாதாரணச் சடங்கு ஏடு என்றார்கள். துண்டுகளில் இருக்கும் எழுத்துக்கும் அந்த மொழிபெயர்ப்புக்கும் பொருத்தம் இல்லை என்று 2014-ல் சபையே ஒரு கட்டுரையில் ஒத்துக்கொண்டது, அந்தச் சுருள் ஒரு வெளிப்பாட்டுக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்ற விளக்கத்தோடு. வெளியாள் எழுதியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன், எங்கள் ஆட்களே எழுதியிருந்தார்கள் என்பார் அவர்.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. அவர் மலைப்பாதை ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு ஜெபித்திருக்கிறார், பழைய கேள்வியைத் திருப்பிப்போட்டு: இது உண்மை இல்லை என்றால் சொல்லும். பிரேசிலில் வந்த அதே சமாதானம், அதே சூடு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "அப்ப எந்தப் பதிலை நம்புவது?" என்றேன். "அதைத்தான் என் அம்மாவும் கேட்கிறாள்" என்று சிரித்தார்.

அம்மா பற்றி ஒன்று. பால் டன் என்று சபையில் பெரிய தலைவர் ஒருவர் இருந்தார், போர்க்களக் கதை, பேஸ்பால் கதை எல்லாம் சொல்லி ஜனங்களை உருக வைப்பார். 1991-ல் பத்திரிகையில் வந்தது, பல கதைகள் நடக்கவே இல்லை. அவரும் மன்னிப்புக் கேட்டார். என் நண்பரின் அம்மா அந்த ஒலிநாடாக்களைக் கேட்டு அழுதவர். இன்றைக்கும் சொல்வாராம், "கதை பொய்யாக இருக்கட்டும், எனக்கு அன்றைக்கு வந்த ஆவி பொய் இல்லை." நான் அவரைக் கேலி செய்ய மாட்டேன். ராமாயணம் படிக்கும்போது அழுகிற யாரும் கேலி செய்ய முடியாது.

போன வருடம் என் நண்பரின் மகளுக்குக் கல்யாணம். கோயிலுக்குள் போக பிஷப் தருகிற அனுமதிச் சீட்டு வேண்டும், அவரிடம் இல்லை. கோட்டு சூட்டோடு வெளியே புல்தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் கூட இருந்தேன். வேலை சம்பந்தமாக எதையோ பேசிக்கொண்டிருந்தோம், ஒன்றுமே காதில் விழவில்லை.

பெங்களூர் சகோதரன்:

எல்லாரும் வெளியிலிருந்து எழுதுகிறீர்கள், நான் உள்ளே இருப்பவன். சென்னையில் பிறந்து பெங்களூரில் இருக்கிறேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம், மார்மன் என்று சொல்லாமல் முழுப் பெயர் சொல்லுங்கள் என்று 2018-ல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை. நீளம்தான், என்ன செய்ய.

எனக்கு நெஞ்சு எரியவே இல்லை. அப்பா இறந்த வருடம் தலைக்குள் ஒரே இரைச்சல், அப்போது ஒரு நண்பர் புத்தகம் கொடுத்தார். படிக்கிற நேரம் மட்டும் இரைச்சல் அடங்கியது, அதைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டேன். பிறகு அறிவுக்கும் ஒன்று தேவைப்பட்டது. தகடுகளைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட மூன்று சாட்சிகள், கவுடரி, விட்மர், ஹாரிஸ், மூவருமே பிறகு ஜோசப் ஸ்மித்தோடு முறைத்துக்கொண்டு சபையை விட்டுப் போனவர்கள். ஆனாலும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. இருவர் திரும்பி வந்தார்கள், விட்மர் வரவேயில்லை, வராமலே கடைசி வரை அந்தச் சாட்சியில் நின்றார். எனக்கு விட்மர்தான் முக்கியம்.

நெல்லை சகோதரிக்கு: நாங்களும் காய்ச்சல் குணமானதைச் சாட்சி சொல்வோம். உங்கள் சொதி கிடைக்குமானால் நானும் ஒன்றரை மணி நேரம் வசனம் பேச வருகிறேன். சாண்டி நண்பர் எழுதிய கல்யாணக் கதைக்கு என்னிடம் பதில் இல்லை.

லீஹை வாசி:

எல்லாருக்கும் நன்றி. விட்மர் விஷயம் எனக்குப் புதிது. 'பார்த்தேன்' என்பதில் எது கண்ணால், எது ஆவியில் என்று எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது, சரி, அதை வேறொரு நாள் பேசலாம்.

ஐடஹோ பையனுக்கு மாற்றல் வந்துவிட்டது, சில வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஊர் மாற்றுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இருவரும் வந்தார்கள். இந்தத் தடவை கேட்காமலே மோர் எடுத்து வைத்தேன். வாசலில் ஷூ போடும்போதுதான் அந்தப் பையன் அதை எடுத்தான். "உங்கள் கேள்வியை நான் கேட்டேன், திருவாரூர் பற்றி." ஊர்ப் பெயரைச் சரியாகவே சொன்னான். "மூன்று ராத்திரி கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை."