புதுப்பிப்பு: குர்லாவில் வாங்கிய மஞ்சள் உலோகத்தில் தங்கம் உண்டா?

மும்பை குர்லாவில் ஒரு காயலான் கடையில் வாங்கிய மஞ்சள் உலோகத் துண்டுகளில் தங்கம் இருக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அது பித்தளைதான். தண்ணீரில் எடை போடச் சொன்ன அண்ணனின் யோசனைதான் கை கொடுத்தது. தராசின்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, 170 கிராம் துண்டை நூலில் கட்டி, அடி தொடாமல் அமிழ்த்தினேன். தராசு 20 கிராம் கூடுதலாகக் காட்டியது. 170-ஐ 20-ஆல் வகுத்தால் அடர்த்தி 8.5, அது பித்தளைக்கு உரியது. சொக்கத் தங்கம் என்றால் 19.3 வரவேண்டும். அரத்தால் ராவிப் பார்த்தேன், உள்ளேயும் அதே மஞ்சள்.

எதிர்பாராதது வேறு. காந்தம் ஒட்டியதால் இரும்பு என்று ஒதுக்கிய பழைய பீங்கான் சிப்புகளையும் (மின்னணுச் சில்லுகள்) மும்பை நகைச் சந்தையான ஜவேரி பஜாருக்கு எடுத்துப் போயிருந்தேன். எக்ஸ் கதிரால் உலோகங்களைக் கண்டறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் அவற்றின் உலோகக் கால்களில் தங்கம் தெரிந்தது, அதன் அடியில் இரும்பு, நிக்கல், கோபால்ட். இந்த மூன்றும் சேர்ந்தது கோவார் என்ற கலப்புலோகம், காந்தம் அதை இழுக்கும். தங்கம் மெல்லிய பூச்சுதான். ஆனாலும் காந்தம் ஒட்டியது என்பதற்காகச் சிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நைட்ரிக் அமிலம் ஊற்றச் சொன்ன தம்பி, அதை நான் செய்யவில்லை. தாராவியில் ஒற்றை அறை வீடு, குழந்தைகள் இருக்கிறார்கள். அமிலம் உலோகத்தைக் கரைக்கும்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலையே கெடுத்துவிடும்.

பித்தளையை விற்றாயிற்று. சிப்புகளைப் பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறேன்.