எலுமிச்சைத் தோல் கிரீம் ஆறு மாதம் கெடாதாமே?

குறுக்குத்துறை_ராணி:
"எலுமிச்சைத் தோல் பொடி, கற்றாழை, தேங்காய் எண்ணெய், ஒரு விட்டமின் ஈ மாத்திரை. ஆறு மாதம் வெளியே வைத்தாலும் கெடாது" என்று நேற்று ஒருவர் இங்கே அளந்திருந்தார். போன வருஷம் இதே மாதிரி ஒன்றை வாங்கினேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பச்சைப் பூசணம்.

கடையத்தான்:
எழுதியது நான்தான். எங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் இரண்டு வருஷமாக இருக்கிறது. அது கெட்டதா? அதில் என்ன மருந்து கலந்தோம்?

பாளை_கெமிஸ்ட்ரி:
உப்பு கலந்தீர்கள் அண்ணாச்சி, கை கையாக. அவ்வளவு உப்பை மூஞ்சியில் பூசுவீர்களா? கற்றாழைச் சோறு முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இருக்கும் கிரீமில் கிருமி வளரத்தான் செய்யும். விட்டமின் ஈ, எண்ணெயில் சிக்கு வாடை வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பூஞ்சை அதைச் சட்டை செய்யாது. கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் உப்பைப் போட்டாலும் பிஎச் (புளிப்பு கூடக் கூட இறங்கும் அளவு) 5-க்குக் கீழே இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை பார்க்கும்.

கடையத்தான்:
எலுமிச்சையே புளிப்புதானவே! பிஎச் தானாக இறங்காதா?

பாளை_கெமிஸ்ட்ரி:
புளிப்பு சாற்றில் அண்ணாச்சி. சாற்றைத்தான் சர்பத்துக்குப் பிழிந்தாயிற்றே. பிஎச் தாள் வைத்துப் பார்த்தீர்களா?

கடையத்தான்:
நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளித்தது.

வண்ணாரப்பேட்டை_மாப்ள:
😂😂 ஐயா, ஆய்வுக்கூடமே உங்க வாயில்தான் இருக்கு.

தென்காசி_சாரல்:
ஒரு விஷயம். நேற்றைய பதிவில் "எங்க நெல்லையின் புளியங்குடி எலுமிச்சை" என்று இருந்தது. புளியங்குடி 2019-லேயே தென்காசி மாவட்டத்துக்கு வந்தாச்சு.

வண்ணாரப்பேட்டை_மாப்ள:
மாவட்டத்தைப் பிரித்தால் மரம் எழுந்து நடந்து போயிடுமா?

தென்காசி_சாரல்:
அருவிக்கு வரும்போது மட்டும் நாங்கள் வேண்டும், பெயர் மட்டும் உங்களுக்கா?

குறுக்குத்துறை_ராணி:
பொடியை ஈரம் படாமல் டப்பாவில் வைத்து, வேண்டும்போது தயிரில் குழைத்துக்கொள்ளலாமா? அதையாவது யாராவது சொல்லுங்கள்.

பாளை_கெமிஸ்ட்ரி:
வருகிறேன் அக்கா. இன்னொன்று, எலுமிச்சைத் தோலில் ஃபியூரோகூமரின் என்று ஒரு வகைச் சரக்கு உண்டு. பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, அப்புறம் கறுத்துப்போகும். சித்திரை வெயிலில் ஜங்ஷன் வரை நடந்தாலே போதும். செய்து விற்பதானால் 2020 ஒப்பனைப் பொருள் விதிப்படி உரிமமும் வேண்டும். அண்ணாச்சியிடம் உரிமம் இருக்கிறதா?

கடையத்தான்:
எங்க ஆச்சி உரிமம் வாங்கியா பூசினாள்? போன மாசம் நன்னாரி விவாதத்தில் வாயடைத்துப் போனீரே, அந்தக் கடுப்பை இங்கே வந்து தீர்க்கிறீர்.

பாளை_கெமிஸ்ட்ரி:
வாயடைத்தது யார்? அந்தப் பதிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். உங்கள் ஆச்சி தோலை அன்றன்றைக்கு அரைத்து அன்றே கழுவியிருப்பாள். ஆறு மாதம் டப்பாவில் அடைத்து வைத்தாளா?

கடையத்தான்:
அதெல்லாம் கிடக்கட்டும். ஊறுகாய் கெட்டதா, இல்லையா?

பாளை_கெமிஸ்ட்ரி:
உப்பு, அண்ணாச்சி. உப்பு!

கடையத்தான்:
இருங்க, ஜாடியைப் படம் எடுத்துப் போடுகிறேன்.