ஃபர்னஸ் பற்றிக்கொண்ட சில விநாடியில் அணைகிறது: போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

ஸ்காபரோ_வாசி:
வணக்கம். எங்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் நேற்று இரவிலிருந்து கரைச்சல் தருகிறது. தெர்மோஸ்டாட் 21இல் இருக்கிறது, வீட்டுக்குள் 15தான். வெளியில் மைனஸ் 18.

பேஸ்மென்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் சின்ன விசிறி ஓடும் சத்தம், பிறகு நெருப்பைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செக்கச்செவேலென்று சூடாகிறது, புஸ்ஸென்று நீல நெருப்பு வருகிறது. நாலைந்து விநாடியில் டக்கென்று அணைந்துவிடுகிறது. சில தடவை இப்படியே செய்துவிட்டு நின்றுவிடும். உள்ளே ஃபர்னஸைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டில் சிவப்பு லைட் மின்னிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் பற்றரி மாற்றியாயிற்று.

ஒரு கம்பனிக்கு போன் எடுத்தேன். ஆள் வந்து பார்க்காமலே "போர்டு போயிருக்கும், 900 டாலர் வரும். 14 வருசத்து ஃபர்னஸ் என்றால் புதிது போடுவதே நல்லது" என்கிறார்கள். அம்மா எங்களோடுதான் இருக்கிறார், குளிர் தாங்கமாட்டார். யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்க்கம்காரன்:
வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும், ஃபர்னஸுக்குக் காற்று வரும், புகை போகும் வெள்ளைக் குழாய்கள் இரண்டையும் பார்த்தீர்களா? பனி கொட்டினால் வாய் மூடிக்கொள்ளும். ஃபில்டரையும் ஒருக்கால் பாருங்கோ.

ஹீட்டிங்_அண்ணா:
தம்பி, பக்கத்தில் நின்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் இடம் பிடிபடுகிறது. குழாய் அடைத்திருந்தால் பெரும்பாலும் நெருப்பே வந்திராது. குழாயில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் சுவிட்ச் முதலே மறித்துவிடும். ஃபில்டர் அடைப்பு என்றால் சில நிமிடமாவது எரிந்து, சூடு கூடிய பிறகுதான் அணையும். உங்களுடையது பற்றிய கையோடு அணைகிறது. என் முதல் சந்தேகம் ஃபிளேம் சென்சர், அதாவது நெருப்பை உணரும் கம்பி.

பர்னர் வரிசையில், வழக்கமாக இக்னைட்டருக்கு எதிர்க்கோடியில், பென்சிலைவிட மெல்லிய கம்பி ஒன்று நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பீங்கான் பிடி, ஒற்றை வயர். நெருப்பு எரியும்போது அதன் வழியாகச் சில மைக்ரோஆம்பியர் மின்சாரம் பாயும். அது வந்தால்தான் நெருப்பு இருக்கிறதென்று போர்டுக்குத் தெரியும். வராவிட்டால், எரியாத கேஸ் சேரக்கூடாதென்று வால்வை மூடிவிடும். கம்பியில் மெல்லிய படலம் படிந்தாலே அந்த மின்சாரம் குறைந்துவிடும். அதாவது உங்கள் போர்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது போலிருக்கிறது. வந்து பார்க்காமல், குளிரில் இருக்கும் குடும்பத்திடம் 900 டாலர் என்று சொன்னதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கரண்டை நிறுத்துவதற்கு முன் அந்த லைட் எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணுங்கள். கதவின் உட்பக்கத்தில் அதற்கான அட்டவணை ஒட்டியிருக்கும். அப்புறம் சுவிட்சை அணைத்து, கேஸ் வால்வையும் மூடுங்கள். சென்சரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே ஸ்க்ரூ. வயரைக் கழற்றி நேராக இழுங்கள், பீங்கான் லேசில் உடையும். மெல்லிய ஸ்டீல் வுல்லால் கம்பி பளபளக்கும்வரை தேய்த்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். முரட்டு சாண்ட்பேப்பர் வேண்டாம். இக்னைட்டரில் மட்டும் விரல் படவே கூடாது.

அதற்குப் பிறகும் அணைந்தால் வயரையும் எர்த்தையும் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு டிஎஸ்எஸ்ஏ (ஒன்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவுள்ள கம்பனியைக் கூப்பிடுங்கள், லைசென்ஸ் இல்லாத ஆளை விடாதீர்கள். கேஸ் மணந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய் 911 எடுங்கள். சீஓ (கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு) அலாரம் வேலை செய்கிறதா என்றும் இன்றைக்கே அமத்திப் பாருங்கள்.

ஸ்காபரோ_வாசி:
அண்ணா, மிக்க நன்றி. அட்டவணையிலும் ஃபிளேம் பிழை என்றே இருந்தது. கம்பியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. தேய்த்துப் பூட்டினேன். இப்போது நிற்காமல் எரிகிறது, வீடு 20க்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் கேட்கவேண்டும். கோடையில் ஏசி ஓடும்போது ஃபர்னஸுக்கு மேலேயுள்ள பெட்டியில் ஐஸ் பிடித்து, காற்றே வருவதில்லை. அதற்கும் சென்சருக்கும் தொடர்புண்டா? அம்மாவுக்கு ஆஸ்துமா என்பதால் மெர்வ் 13 ஃபில்டர் (மெர்வ் எண் கூடினால் நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) போட்டிருக்கிறோம், ஒரு அங்குலத் தடிப்பு.

ஹீட்டிங்_அண்ணா:
சென்சருக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் ஃபில்டரை நான் சந்தேகிப்பேன். ஏசியின் குளிரூட்டும் சுருள்குழாய் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதற்குக் காற்றைத் தள்ளுவது ஃபர்னஸின் அதே பெரிய விசிறி. காற்றுக் குறைந்தால் சுருள்குழாயின் குளிர் 0க்குக் கீழே போய், அதில் படியும் ஈரம் உறைந்துவிடும். ஒரு அங்குலத்தில் மெர்வ் 13 என்றால் பல வீடுகளில் விசிறி திணறும், அழுக்கும் ஏறினால் கேட்கவே வேண்டாம். அம்மாவுக்காக மெர்வ் 13தான் வேண்டுமென்றால் 4 அங்குல ஃபில்டர் பெட்டி போடச் சொல்லுங்கள், பரப்பு கூடுவதால் காற்று தாராளமாகப் போகும். அதுவரை மெர்வ் 8 போதும், மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கோடையில் மறுபடி ஐஸ் பிடித்தால் ஏசியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட விடுங்கள், தானாகக் கரையும். கத்தியால் சுரண்டக்கூடாது, சுருள்குழாய் ஓட்டையாகிவிடும். சுத்தமான ஃபில்டரோடும் ஐஸ் பிடித்தால் ரெஃப்ரிஜரன்ட், அதாவது ஏசியின் குளிரூட்டும் வாயு, கசிகிறதா என்று பார்க்கவேண்டியிருக்கும். அப்போது இங்கேயே எழுதுங்கள்.