வின்ரார் ஃப்ரீ ட்ரையல்: 40 நாளா, ஆயுளுக்குமா?

கணினிக்கிறுக்கன்: கோப்புகளைச் சுருக்கி ரார் கோப்பாக்கவும் அதைத் திரும்பப் பிரிக்கவும் உதவும் வின்ராரைப் பற்றி, "அதன் ஃப்ரீ ட்ரையலுக்கு முடிவே இல்லை, அதனால் அது இலவச மென்பொருள்தான்" என்று பக்கத்து இழையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எரிச்சலாக வருகிறது. ட்ரையல் என்றால் கெடு உண்டு. இதற்கு 40 நாள். அதற்கு மேல் பயன்படுத்த வேண்டுமென்றால் உரிமம் வாங்க வேண்டும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கோவை ராஜா: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்ல என்ன தயக்கம்? 40 நாள் முடிந்ததும் நிற்கிறதா? வாங்கச் சொல்லி ஒரு பெட்டி வரும், மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நிற்காத ட்ரையல் இலவசம்தான்.

கணினிக்கிறுக்கன்: கடைக்காரர் கேட்காமல் விட்டால் கடன் தீர்ந்துவிடுமா? அனுமதி 40 நாளுக்குத்தான்.

மலர்விழி: ஷேர்வேர், அதாவது முதலில் இலவசமாகப் பார்த்துவிட்டுப் பிறகு காசு கொடுக்கும் மென்பொருள், என்று சொன்னால் முடிந்தது. 1993இல் டூம் விளையாட்டும் அப்படித்தான் வந்தது. முதல் பாகம் இலவசம், நண்பருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம், மீதிக்குத்தான் காசு. நாள் கணக்கே கிடையாது.

கணினிக்கிறுக்கன்: டூமில் ஒரு பாகம் மட்டும். இங்கே முழு மென்பொருளையும் கொடுத்து 40 நாள் என்கிறார்கள். இரண்டையும் ஏன் கலக்கிறீர்கள்? லினக்ஸ் இழையையும் இப்படித்தான் திசை திருப்பினீர்கள்.

மலர்விழி: அந்த இழையில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

ஜிப்பன்: வின்ராருக்குப் பதில் 7-ஜிப் போடுங்கள். திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), அலுவலகத்திலும் காசில்லை, ரார் கோப்பையும் பிரிக்கும்.

கோவை ராஜா: பிரிக்கும் சரி, ரார் கோப்பை உருவாக்குமா?

ஜிப்பன்: ரார் இனி யாருக்கு வேண்டும்? 2023இல் விண்டோஸ் 11லேயே பிரிக்கும் வசதி வந்துவிட்டது.

கோவை ராஜா: அப்படியென்றால் உருவாக்காது. ஜிமெயில் 2004 முதல் 2009 வரை பீட்டா என்றே இருந்தது. யாராவது கெடு கேட்டீர்களா?

கணினிக்கிறுக்கன்: பீட்டா வேறு, ட்ரையல் வேறு. பீட்டா சோதனையில் இருக்கும் பதிப்பு. ட்ரையல் விற்பனைக்கு வந்த பொருள், வாங்கும் முன் பார்க்கத் தருவது. நான் கேட்பது 40 நாளைப் பற்றி. உழைத்து எழுதியவர் விலை சொல்லியிருக்கிறார், அதை இலவசம் என்று பரப்பாதீர்கள். அலுவலகக் கணினியிலும் இப்படித்தான் ஓட்டுகிறீர்களா?

கோவை ராஜா: அலுவலகத்தை இழுக்காதீர்கள். 40 நாளில் நிற்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கணினிக்கிறுக்கன்: நிற்காது. ஆனால் அனுமதி 40 நாள்தான்.

கோவை ராஜா: நிற்காது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.